‘ஸ்மார்ட் பில்டிங்’ மென்பொருள் தளம் வாங்கச் சொல்கிறார்கள். கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது?

மூன்றாம் அடித்தளம்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு நிர்வாகம் என் பொறுப்பு. 1990-களில் எழுந்த கட்டடம், இருபது மாடிக்குச் சற்று மேலே. ஏர்கானுக்குக் குளிர்நீர் தரும் இயந்திரங்களான சில்லர்களை இடையில் ஒரு தடவை மாற்றிவிட்டார்கள். கட்டடத்தின் கருவிகளைக் கண்காணித்து இயக்கும் பிஎம்எஸ் மட்டும் பழசு. அதை ஓட்டும் கணினி இன்னும் விண்டோஸ் 7-ல்தான் காலம் தள்ளுகிறது.

இப்போது உரிமையாளர் தரப்புக்கு ‘ஸ்மார்ட் பில்டிங்’ ஆசை வந்திருக்கிறது. வெறும் ஆசை என்றும் சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து கட்டட, கட்டுமான ஆணையத்தின் கட்டாய எரிசக்தி மேம்பாட்டு விதி நடப்பில் இருக்கிறது. 5,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடம், தன் வகையைச் சேர்ந்தவற்றில் மின்சாரத்தை அதிகம் விழுங்கும் கால்பங்கில் போய் மாட்டிக்கொண்டால், தணிக்கை செய்து சதுர மீட்டருக்கான மின்பயன்பாட்டை 10 விழுக்காடு குறைத்தாக வேண்டும். நாங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

மூன்று நிறுவனங்கள் வந்து காட்டிவிட்டுப் போயின. மூவர் திரையிலும் கட்டடம் முப்பரிமாணத்தில் அழகாகச் சுற்றுகிறது. மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டால், ஒருவர் கூட்டத் தொடக்கத்தில் சொன்ன விழுக்காடு வேறு, தேநீருக்குப் பிறகு சொன்னது வேறு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், முதலில் எதைக் கேட்பது?

குளிர்நீர்:
அண்ணே, அவர்களை மறுபடி கூப்பிடுவதற்கு முன் உங்கள் சில்லர் அறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். திரையில் சுற்றும் எண்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன.

நம் ஊர் அலுவலகக் கட்டடத்தில் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் ஏர்கானுக்குப் போகிறது, அதில் பெரும்பங்கு சில்லர் ஆலைக்கு. ஆலை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரே எண் போதும்: ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட். (இங்கே டன் எடை இல்லை, குளிர்ச்சியின் அளவு.) 0.6-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நல்ல ஆலை. 0.9, 1.0 என்று நின்றால் காசு, வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவர் வழியாக மேலே போய்க்கொண்டிருக்கிறது.

சிக்கல் அந்த டன்னை அளப்பதில் இருக்கிறது. கிலோவாட்டை அளப்பது எளிது. டன் என்பது குளிர்நீரின் ஓட்டத்தையும், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையும் பெருக்கி வருவது. வித்தியாசம் 5.5 டிகிரி என்று வையுங்கள். போகும் குழாயின் சென்சார் 0.3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது, திரும்பும் குழாயின் சென்சார் 0.3 குறைத்துக் காட்டுகிறது. மொத்தப் பிழை 0.6 டிகிரி. 5.5-ல் 0.6 என்றால் 11 விழுக்காடு! விதி உங்களைக் குறைக்கச் சொல்லும் 10 விழுக்காடு இரண்டு சின்ன சென்சாருக்குள் அடங்கிவிட்டது. இதனால்தான் ஆணையத்தின் பசுமைக் கட்டடச் சான்றான கிரீன் மார்க்கில் அந்த சென்சார்களுக்கு 0.05 டிகிரிக்குள் துல்லியம் கேட்கிறார்கள். உள்ளே வந்த வெப்பமும் சில்லருக்குக் கொடுத்த மின்சாரமும் சேர்ந்து, கூலிங் டவருக்குப் போன வெப்பத்தோடு 5 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும் என்று வெப்பக் கணக்கும் கேட்கிறார்கள்.

அந்தக் கணக்கு பொருந்தாத கட்டடத்தில் செயற்கை நுண்ணறிவை உட்கார வைத்தால், அது அந்தப் பொய்யையே மிகத் துல்லியமாகக் கற்றுக்கொள்ளும். உங்களிடம் மூன்றாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் குளிர்நீர் ஆலைத் தணிக்கை அறிக்கை இருக்கும் அல்லவா? கடைசி அறிக்கையில் வெப்பக் கணக்கின் படத்தைப் பாருங்கள். புள்ளிகள் கோட்டுக்குள் விழுந்திருக்கின்றனவா, சிதறியிருக்கின்றனவா என்று சொல்லுங்கள்.

ஷிஃப்ட் தம்பி:
இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் சார்பில் ஒன்று. நான் முன்பு இருந்த இடத்தில் இப்படி ஒரு மென்பொருள் தளம் போட்டார்கள். எல்லா அலாரமும் கைப்பேசிக்கு வரும். காற்றைக் குளிர்வித்துத் தளத்துக்கு அனுப்பும் ஏஎச்யூவின் ஃபில்டர் அழுக்கு என்பதும் வரும், அடித்தளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்பதும் வரும். இரண்டுக்கும் ஒரே ‘டிங்’ சத்தம். கொஞ்ச நாளில் எல்லாரும் ஒலியை அணைத்துவிட்டோம். வேறு வழி? ஒரு பம்ப் நின்றால் அதன் பின்னால் இருக்கும் அத்தனை சென்சாரும் தனித்தனியாகக் கத்தும்.

எந்த அலாரத்துக்கு யார், எத்தனை நிமிடத்தில், எங்கே போக வேண்டும் என்று விற்பவர்களே உட்கார்ந்து எழுதித் தரட்டும். அந்தத் தாளை எங்களைப் போன்றவர்களிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

கேபிள் தட்டு:
குளிர்நீர் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் அவர் ஆலையோடு நின்றுவிட்டார். எங்கள் பக்கத்துக் கதையும் இருக்கிறது.

விற்பவர்கள் எல்லாரும் ‘பேக்நெட் ஆதரவு உண்டு’ என்பார்கள். கட்டடக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி அது. 1995-ல் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரமாக வந்தது, 2003-ல் அனைத்துலக ஐஎஸ்ஓ தரமும் ஆனது. இன்று ஆதரிக்காத பெட்டி கிடைப்பதே அரிது. ஆதரவு என்றால் என்ன என்று நோண்டினால்தான் தெரியும். சில்லரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான புள்ளிகள், அதாவது படிக்கவோ மாற்றவோ கூடிய தனித்தனி அளவுகள், இருக்கும். வெளியே திறந்துவிட்டது அதில் ஒரு பகுதி மட்டும். மீதி வேண்டுமா, புள்ளிக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் வரும். படிக்க மட்டும் ஒரு விலை, எழுதவும் வேண்டும் என்றால் இன்னொரு விலை.

அதனால் முதல் வேலை புள்ளிப் பட்டியல். பழைய பிஎம்எஸ்ஸில் இருக்கும் புள்ளிகளை அப்படியே ஏற்றுமதி செய்து பாருங்கள். ஒரே மாதிரியான ஏஎச்யூவுக்கு ஐந்தாம் மாடியில் ஒரு பெயர், ஒன்பதாம் மாடியில் வேறு பெயர், பன்னிரண்டாம் மாடியில் ‘டெஸ்ட் 2’ என்று இருக்கும். பெயர்களை ஒழுங்குபடுத்தும் கூலி பெரும்பாலும் மென்பொருளின் விலையைவிட வலிக்கும். அதை யார் செய்வது என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், உங்கள் தலையில்தான் விழும். ஹேஸ்டாக், பிரிக் என்று பெயரிடும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் ஒன்றைப் பின்பற்றிச் செய்து, முடிந்த பட்டியலை உங்களிடமே ஒப்படைக்கச் சொல்லுங்கள். அடுத்த விற்பனையாளர் வரும்போது அதே வேலைக்கு மறுபடியும் காசு கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, கம்பியில்லா மீட்டர்கள். நம் ஊரில் 2ஜி 2017 ஏப்ரலில் போனது. 3ஜி 2024-ல் போனது. அந்த மோடங்களை நம்பி ஏற்றிய மீட்டர்கள் எல்லாம் ஊமையாகின. கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். உள்ளே வைக்கும் பெட்டி எதுவும் அவ்வளவு நாள் தாங்காது என்று தெரிந்தே, கழற்றி மாட்டுகிற மாதிரி, மாடிகளுக்கு இடையே கேபிள் ஏறும் ரைசரில் இடம் விட்டுக் கட்டுங்கள்.

வாடகைக்கு இருப்பவள்:
நான் பொறியாளர் இல்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் பாதித் தளம் எடுத்திருக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் அலுவலக நிர்வாகி. நீங்கள் எல்லாரும் உரிமையாளர் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், அதனால் குறுக்கே வருகிறேன்.

எங்கள் கட்டடமும் ‘ஸ்மார்ட்’ ஆனது. செயலி வந்தது. அதில் யோகா வகுப்புக்குப் பதியலாம், மதியச் சாப்பாடு சொல்லலாம், கீழே கண்காட்சி நடந்தால் தகவல் வரும். ஏர்கானின் 22 டிகிரியை 25 ஆக்க முடியாது! எங்கள் மேசைகளுக்கு நேர் மேலே குளிர்க்காற்று விழுகிறது. ஏ3 தாளை நான்காக மடித்து, கூரையில் காற்று வரும் தட்டில் டேப் போட்டு ஒட்டிக் காற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருக்கிறோம். தாள் ஈரத்தில் தொய்ந்தால் மறுபடி ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு பணிப்பட்டியலே எங்களிடம் உண்டு.

அப்புறம் நேரம். வாரநாளில் 8 முதல் 6 வரை, சனிக்கிழமை 1 மணி வரை ஏர்கான். அதற்கு மேல் மணிக்கணக்கில் தனிக் கட்டணம். நாங்கள் நான்கு பேர் இருந்தாலும் தளம் முழுவதற்கும் காசு. ஏன் என்று கேட்டால் ‘சிஸ்டம் அப்படித்தான்’ என்கிறார்கள். இந்த அறிவுள்ள கட்டடங்கள் நான்கு பேர்தான் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கக்கூடாதா?

குளிர்நீர்:
அக்கா, இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, சாக்கு இல்லை.

நேரக் கட்டணம்: பல பழைய கட்டடங்களில் ஒரு தளத்துக்கு ஒரே ஏஎச்யூ, அல்லது இரண்டு. உங்கள் நான்கு பேருக்காக அதை ஓட்டினால் மூடிக் கிடக்கும் அலுவலகங்களுக்கும் காற்று போகும். ஒவ்வொரு பகுதிக்கும் தானாகத் திறந்து மூடும் விஏவி பெட்டியும், விசிறியின் வேகத்தைக் குறைக்கும் விஎஸ்டியும் இருந்தால் உங்கள் மூலைக்கு மட்டும் தரலாம். இல்லாவிட்டால் செயலியில் பொத்தான் மட்டும் வைத்துப் பயன் இல்லை. விற்பவர் ‘வாடகைதாரரே தட்பவெப்பத்தை மாற்றிக்கொள்ளலாம்’ என்றால், எந்தெந்தத் தளத்தில் அந்தப் பெட்டிகள் இருக்கின்றன என்று மேற்கூரையைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

தாள் விஷயம்: நீங்கள் குடியேறியபோது தடுப்புச்சுவர் வைத்தீர்களா? தெர்மோஸ்டாட் இப்போது யாருடைய அறையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முன்பு திறந்த கூடமாக இருந்ததில் நடுவே மாட்டியிருப்பார்கள். தடுப்பு வந்தபின் அது ஒரு சந்திப்பு அறைக்குள்ளோ, நகல் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ மாட்டிக்கொண்டிருக்கும். இயந்திரத்தின் சூட்டைப் பார்த்து அது உங்கள் தலைமேல் குளிரைக் கொட்டுகிறது.

வாடகைக்கு இருப்பவள்:
தேடிப் பார்த்தேன். நிதிப் பிரிவின் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. கோப்புகளை நகர்த்திய பிறகுதான் கண்ணில் பட்டது. நன்றி தம்பி. கட்டட நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன், அவர்கள் செலவு யாருடையது என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறார்கள்.

பழைய பேனல்:
அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது, யாருடைய செலவு.

இங்கே பெரும்பாலான அலுவலகக் குத்தகையில் அலுவலக நேர ஏர்கான் சேவைக் கட்டணத்தில் அடங்கியிருக்கிறது. விளக்கும் பிளக்கும் வாடகைதாரர் மீட்டரில். ஆக, சில்லர் மாற்றினால் மிச்சம் முழுக்க உரிமையாளருக்கு, அதனால் மாற்றுகிறார். உங்கள் தெர்மோஸ்டாட்டை நகர்த்தினால் உங்களுக்குச் சுகம், மிச்சம் அவருக்கு, கூலி யாருக்கு என்று இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குத்தகை மூன்று ஆண்டு. போகும்போது பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்ற விதி வேறு. வாடகைதாரர் கூரைக்குள் போட்ட சென்சார், கேபிள் எல்லாவற்றையும் இடிப்பவர் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு போவதை நான் எத்தனையோ தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடுத்து வருபவர் மறுபடி புதிதாகப் போடுவார். கூரைக்கு மேல் இருக்கும் சென்சார் யாருடையது என்பதைக் குத்தகையிலேயே எழுதுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பழைய கட்டடம் தேறாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். பிராடல் ரோட்டில் ஆணையத்தின் பூஜ்ய எரிசக்திக் கட்டடம் 2009-ல் பழைய கட்டடத்தை மாற்றியமைத்ததுதான். கெப்பல் பே டவர் 2002-ல் முடிந்த 18 மாடி. அது 2020-ல் கிரீன் மார்க் பிளாட்டினத்தில் பூஜ்ய எரிசக்திச் சான்று வாங்கியது, வணிகக் கட்டடத்தில் முதலாவதாக. பொங்கோல் மின்னிலக்க வட்டாரம் போல, அரசாங்கத் தொழிற்பேட்டை அமைப்பான ஜேடிசி முதல் நாளிலிருந்தே பொது மென்பொருள் தளம், வட்டாரக் குளிரூட்டல் என்று திட்டமிட்டுக் கட்டும் இடத்தோடு நம்மை ஒப்பிட்டுச் சோர்ந்துவிடக் கூடாது. இன்டர்நேஷனல் பிளாசா, பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மாதிரி ஒவ்வொரு அறைக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கும் இடத்தில் ஒரு பம்ப் மாற்றவே, சொந்தக்காரர்கள் சேர்ந்த நிர்வாகக் கழகமான எம்சிஎஸ்டியின் கூட்டத்தில் கைதூக்க வேண்டும். மூன்றாம் அடித்தளத்துக்கு ஒரே உரிமையாளர், பாதிச் சண்டை ஏற்கெனவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. 25 டிகிரி வைக்கிறோம் என்று சிலர் குளிர்நீரின் வெப்பத்தை ஏற்றிவிடுகிறார்கள். மின்சாரம் குறையும், சரி. ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் வலுவும் குறையும். நம் ஊர் ஈரப்பதத்தில் கொஞ்ச நாளில் கம்பளம் நாறும், புகார் வரும், கோபத்தில் 22-க்கு இறக்குவார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ4 கட்டடத்தில் சற்றுச் சூடான காற்றை அனுப்பி மேலே மின்விசிறி சுற்றவிட்டிருக்கிறார்கள். விசிறி என்றதும் ‘பழங்காலம்’ என்று முகம் சுளிக்கும் உரிமையாளர்களுக்கு அதைப் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

நெறியாளர்:
நிறுவனங்களின் பெயரைச் சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அனுபவத்தைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

இரட்டைப் பூட்டு:
விண்டோஸ் 7 என்று முதல் பதிவில் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. இப்போது அந்தக் கணினியை இணையத்தில் இருக்கும் மேகக் கணினிச் சேவையோடு இணைக்கப் போகிறீர்கள்.

பேக்நெட் பிறந்த காலத்தில் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்ற நினைப்பு. வழக்கமான பேக்நெட்டில் 47808 என்ற போர்ட் வழியாக யார் வந்து ‘விசிறியை நிறுத்து’ என்றாலும், நீ யார் என்று கேட்காமல் நிறுத்தும். குறியாக்கம் செய்து சான்றிதழ் பார்க்கும் பேக்நெட் செக்யூர் கனெக்ட் பிறகு வந்தது. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதைப் பேசாது. அமெரிக்காவில் டார்கெட் கடைகளில் 2013-ல் 4 கோடி அட்டை எண்கள் திருடுபோனது ஏர்கான் வழியாகத்தான்.

கேபிள் தட்டு:
அந்தக் கதையை எல்லா விற்பனைக் கூட்டத்திலும் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதுவும் பாதிதான் சரி. ஏர்கான் இயந்திரத்தின் கட்டுப்பாட்டை யாரும் உடைக்கவில்லை. ஏர்கான் ஒப்பந்ததாரருக்கு டார்கெட்டின் வலையமைப்பில் உள்நுழையக் கொடுத்திருந்த பெயரும் கடவுச்சொல்லும் திருடுபோயின, அதை வைத்து உள்ளே போனார்கள். பாடம் வேறு ஆகிவிடுகிறது பாருங்கள். பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது. யாருக்கெல்லாம் சாவி கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இரட்டைப் பூட்டு:
சரி, ஒப்புக்கொள்கிறேன், அப்படிச் சொன்னால் இன்னும் மோசம். நம் ஊர்க் கட்டடங்களில் சில்லர்காரர், மின்தூக்கிக்காரர், கேமராக்காரர் ஒவ்வொருவரும் தொலைவிலிருந்து பார்க்கத் தனித்தனியே ஒரு 4ஜி ரவுட்டரைப் பேனலுக்குள் செருகி வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்கே எத்தனை என்று தெரியாது. மூன்றாம் அடித்தளம், பேனல்களைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பதிவு வைக்கும் ஒரே வாசல். வேலை இருக்கும்போது திறந்து, முடிந்ததும் மூடுவது. தீயணைப்புப் பேனலிலிருந்து தகவல் வெளியே வரலாம். வெளியிலிருந்து கட்டளை எதுவும் அதற்குள் போகக் கூடாது, இதில் பேரம் வேண்டாம்.

முகம் பார்க்கும் கதவு போடுகிறவர்களுக்கும் ஒன்று. 2019 செப்டம்பருக்கு முன் வரவேற்பறையில் அடையாள அட்டையின் ஐசி எண்ணை எழுதி வாங்குவது சாதாரணம். அது கூடாது என்று விதி வந்தபின் நிறுத்தினோம். கடவுச்சொல்லையாவது மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. ஓர் அட்டை தட்டிப் போகிற கதவுக்கு முகம் எதற்கு?

வாடகைக்கு இருப்பவள்:
மேசைக்கு அடியில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சாரும் வரும் என்கிறார்கள். 2016-ல் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையில் அப்படி வைத்து, ஊழியர்கள் கொதித்ததும் எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். எண்ணிக்கை தெரிய வேண்டும் என்றால் கூரையில் வைத்துத் தலையை எண்ணட்டும், மேசையை எண்ண வேண்டாம். எங்கள் ஆட்களிடம் இதை முன்கூட்டியே யாராவது வந்து விளக்கினால் பாதிப் பயம் போய்விடும்.

மூன்றாம் அடித்தளம்:
எல்லாருக்கும் நன்றி. சில்லர் அறைக்குப் போய் வந்தேன். தணிக்கை அறிக்கையில் வெப்பக் கணக்கு கோட்டுக்குள் இருந்தது, ஆனால் அது தணிக்கை செய்தவர்கள் தங்கள் கருவியைக் கொண்டுவந்து அளந்தது. பிஎம்எஸ் படிக்கும் சென்சார்கள் வேறு. திரும்பும் குழாயின் சென்சார் குழாயின் வெளிப்பக்கத்தில் கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறது, மேலே காப்பு சுற்றி மறைத்துவிட்டார்கள். ஒரு சாண் தள்ளி, சென்சாரைச் செருகக் குழாய்க்குள் வைத்த தெர்மோவெல் காலியாக இருக்கிறது. ஓட்டம் அளக்கும் மீட்டர் குழாய் வளைவை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சரியாக அளக்கத் தேவையான நேர்க்குழாயே அங்கே இல்லை.

பேனல்களையும் திறந்தோம். யாருடையது என்று தெரியாத ஒரு ரவுட்டர் மின்தூக்கி அறையில் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. மின்தூக்கி நிறுவனம் தங்களுடையது இல்லை என்கிறது!

உரிமையாளரிடம் தளம் வாங்குவதைத் தள்ளிவைக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். முதலில் அளவுக் கருவிகள், புள்ளிப் பட்டியல், ரவுட்டர்கள். இதைச் சொன்னால் ‘திரையில் என்ன காட்டுவது’ என்று கேட்பார்கள்.

குளிர்நீர்:
கிலோவாட் பெர் டன்னைக் காட்டுங்கள், ஒரே எண், பெரிய எழுத்தில். அதோடு விற்பவர்களுக்கு ஒரு நிபந்தனை: மிச்சத்தை அளக்கும் அடிப்படை ஆண்டு, கருவிகள் சரியான பிறகு தொடங்க வேண்டும். தளங்கள் காலியாக இருந்ததையும் வானிலையையும் கழித்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு வாடகைதாரர் காலி செய்தாலே மின்சாரம் குறையும், அதைத் தங்கள் கெட்டிக்காரத்தனம் என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை அளந்த மிச்சத்தோடு கட்டுங்கள். யார் சம்மதிக்கிறார்கள் என்று பார்த்தால் மூன்று நிறுவனம் ஒன்றாகலாம்.

சென்சாரைத் தெர்மோவெல்லுக்குள் மாற்ற நீர் வடிக்கத் தேவையில்லை. உள்ளே வெப்பம் கடத்தும் பசை போட மறக்காதீர்கள், காற்று இடைவெளி விட்டால் மறுபடி பிழை. மீட்டரை இடம் மாற்றத்தான் ஆலையை நிறுத்த வேண்டும், அதை அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தோடு சேர்த்துவிடுங்கள். அதுவரை நேர்க்குழாய் உள்ள இடத்தில் வெளியே மாட்டும் அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்கு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஷிஃப்ட் தம்பி:
அண்ணே, அந்த மீட்டரை மாட்டக் காப்பை வெட்டுவார்கள். வெட்டினால் அன்றே மூடி, ஓரத்தை டேப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். திறந்து போட்டுவிட்டுப் போனால் இரவெல்லாம் குழாய் வியர்த்து, கீழே இருக்கும் பம்ப் மோட்டார் மேல் சொட்டும். காலை ஷிஃப்டுக்கு வருகிறவன் எங்களைத்தான் திட்டுவான்.

மூன்றாம் அடித்தளம்:
வேலை அனுமதித் தாளிலேயே அதை எழுதிவிடுகிறேன் தம்பி. அளந்த எண்கள் வந்ததும் இந்த இழையிலேயே போடுகிறேன்.